அசையும் பாகங்களுக்கு முன்மாதிரி செய்வது: யாழ்ப்பாண மாணவர்களுக்கான கேள்வி பதில்

உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவுப் பிள்ளைகளும் தொழில்நுட்பக் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களும் செயற்றிட்டம் தொடங்கும்போது என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான். எல்லார் திட்டத்திலும் சுழல்கிற, வழுக்குகிற, ஆடுகிற, தூக்குகிற ஏதோ ஒன்று இருக்கும். கணினியில் அது அழகாக ஓடும், மேசையில் பூட்டினால் சிக்கும். அந்த இடைவெளியைக் கெதியாகவும் மலிவாகவும் கடப்பதற்குத் தேவையானவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

நேரே கடைசிப் பொருளையே செய்தால் என்ன? முன்மாதிரி என்று இன்னொரு வேலை ஏன்?

அசையாத பொருளென்றால் நேரே செய்யலாம். ஒரு பெட்டி 2 மில்லிமீற்றர் பிழைத்தாலும் பெட்டிதான். ஒரு பற்சில்லின் அச்சு 2 மில்லிமீற்றர் விலகினால் பல் பல்லைப் பிடிக்காது, கிட்ட வந்தால் இறுகி நின்றுவிடும். அசையும் பொறியில் சிக்கல் வருகிற இடம் அனேகமாக இரண்டு துண்டுகள் சேருகிற இடம்: துளையும் தண்டும், பல்லும் பல்லும், தட்டும் அது ஓடுகிற தடமும். கையில் எடுத்து ஆட்டிப் பார்க்கும்வரை அது தெரியவராது. அதனால் அந்தச் சேர்க்கைகளை மட்டும் முதலில், மலிவான பொருளில் செய்து பாருங்கள். அழகு, நிறம், பெயர்ப்பலகை எல்லாம் பிறகு.

இன்னொன்று, ஒரு முன்மாதிரியிடம் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். "இது முழுச் சுற்றுச் சுற்றுமா?" என்பதற்கு ஒரு மாதிரி, "இந்த மோட்டர் இதை இழுக்குமா?" என்பதற்கு வேறொரு மாதிரி. இரண்டையும் ஒன்றிலேயே போட்டால், ஓடாதபோது எதனால் ஓடவில்லை என்று கண்டுபிடிக்கவே ஒரு கிழமை போய்விடும்.

எந்தப் பொருளில் தொடங்குவது?

காட்போட். குளிர்சாதனப் பெட்டியும் மின்விசிறியும் வருகிற தடித்த பெட்டிகளை மின்சாதனக் கடைகளில் கேட்டால் தருவார்கள். வெட்டுமுன் அதன் நெளிவு எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பாருங்கள். நெளிவு ஓடுகிற நீளவாக்கில் வெட்டிய சட்டம் விறைப்பாக நிற்கும், குறுக்காக வெட்டியது தூக்கும்போதே மடிந்துவிடும். இரண்டு துண்டுகளை, ஒன்றின் நெளிவு நெடுக்காகவும் மற்றதன் நெளிவு குறுக்காகவும் வர ஒட்டினால் இன்னும் நல்லது.

மூட்டில்தான் கவனம் வேண்டும். காட்போட்டில் குத்திய துளை நாலு தரம் ஆட்டியதும் நீள்வட்டமாகிவிடும், அதற்குப் பிறகு உங்கள் பொறி எப்படி அசைகிறது என்று நீங்கள் பார்ப்பதெல்லாம் பொய். பழைய சைக்கிள் சில்லுக் கம்பி ஒன்றை எடுங்கள், பெரும்பாலும் 2 மில்லிமீற்றர் தடிப்பாக இருக்கும், சைக்கிள் திருத்தும் கடைகளில் கழித்துப் போட்டது கிடக்கும். அந்தக் கம்பி தாராளமாக ஆனால் ஆடாமல் நுழைகிற குழாய் ஒன்றைத் தேடுங்கள். முடிந்துபோன பேனா ரிபிலோ வேறு மெல்லிய பிளாஸ்டிக் குழாயோ, எது பொருந்துகிறதோ அது. அதைச் சின்னத் துண்டாக நறுக்கித் துளைக்குள் வைத்துச் சுற்றிவரப் பசை போட்டுக் காயவிட்டால், கம்பி குழாய்க்குள் சுழலும், காட்போட் தேயாது. இந்த ஒரு வேலையைச் செய்தாலே காட்போட் மாதிரியின் அசைவை நம்பலாம்.

எங்கள் குழு சின்ன வெங்காயத்தை அளவு வாரியாகப் பிரிக்கும் பொறி செய்கிறது. சட்டம், தட்டு, மோட்டர் எல்லாம் வரைந்துவிட்டோம். எதை முதலில் செய்வது?

தட்டை. மோட்டரை இப்போது தொடவேண்டாம்.

உங்கள் பொறியின் உயிர், வெங்காயம் சரிவில் உருண்டு இடைவெளிக்குள் விழுமா என்பதில் இருக்கிறது. அது நடக்காவிட்டால் மிச்சம் எதுவும் பயன்படாது. ஒரு தட்டை நாலு மூலையிலும் கயிறு கட்டி மேசைக்குக் கீழே தொங்கவிடுங்கள், ஒரு பக்கத்தைச் சற்றுப் பதித்துக் கட்டுங்கள். தட்டின் அடி மூங்கில் சிலாகைகளாக இருக்கட்டும், இடைவெளியை மாற்றக்கூடியதாக வையுங்கள். சந்தையில் வாங்கிய வெங்காயத்தில் ஒரு கிலோவைக் கொட்டிக் கையால் ஆட்டுங்கள். எவ்வளவு தூரம் ஆட்டினால் போகிறது, எவ்வளவு வேகத்தில் துள்ளி வெளியே விழுகிறது, எந்தச் சரிவில் கூட்டமாக அடைத்துக்கொள்கிறது என்று ஒரு பின்னேரத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வெங்காயத் தோலையும் பாருங்கள். காய்ந்த தோல் கழன்று சிலாகை இடைவெளிகளில் படியும், கொஞ்ச நேரத்தில் சின்ன வெங்காயம்கூட விழாது. அதே தோல்தூசி மூட்டுகளுக்குள்ளும் போகும். ஆகவே போதிகைகளை, அதாவது தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பெயாரிங்குகளை, தட்டுக்கு நேர்கீழே வைக்கக்கூடாது என்ற முடிவை இந்தக் கயிற்றுத் தட்டே உங்களுக்குத் தந்துவிடும்.

கையால் ஆட்டும்போது 30 மில்லிமீற்றர் அசைவு போதுமென்று கண்டால் கணக்குச் சுலபம். கிராங்கின், அதாவது மோட்டர் தண்டில் பூட்டிச் சுற்றுகிற கையின், ஆரை அதில் பாதி, 15 மில்லிமீற்றர். தட்டையும் கிராங்கையும் இணைக்கிற தண்டு கிராங்க் ஆரையைப் போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் இருக்கட்டும், இடமிருந்தால் இன்னும் நீட்டலாம். குட்டையாக இருந்தால் தட்டை முன்னுக்குத் தள்ளுவதோடு பக்கவாட்டிலும் அழுத்தும், தடம் தேயும்.

நாலு சட்டங்களை மூட்டி ஒரு அசைவு எடுக்கிறோம். மோட்டர் பாதிச் சுற்றில் நின்றுவிடுகிறது. ஏன்?

நீளங்களை அளந்து பாருங்கள். மிகக் குட்டையான சட்டத்தையும் மிக நீளமானதையும் கூட்டினால், அது மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைவிடக் கூடக்கூடாது. கிராஸ்ஹோஃப் விதி என்பது இதுதான். 30, 70, 80, 90 என்றால் 120-உம் 150-உம், முழுச் சுற்று வரும். 50, 60, 70, 90 என்றால் 140-உம் 130-உம், எந்தச் சட்டமும் முழுதாகச் சுற்றாது. சட்டங்களில் அசையாமல் நிற்கிற அடித்தளத்தையும் ஒரு சட்டமாக எண்ண வேண்டும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். மோட்டர் பூட்டுகிற சட்டம்தான் மிகக் குட்டையாக இருக்க வேண்டும்.

விதி சரியாக இருந்தும் ஒரு இடத்தில் தடங்கினால், இரண்டு சட்டங்கள் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் வருகிற புள்ளியைத் தேடுங்கள். அங்கேதான் சிக்கும். துளைகளை வரிசையாகப் போட்டு நீளத்தை மாற்றக்கூடிய சட்டங்களைக் காட்போட்டில் வெட்டிவைத்தால் பத்து நிமிடத்தில் சரிப்படுத்திவிடலாம்.

துளைக்கும் தண்டுக்கும் எவ்வளவு இடைவெளி விடவேண்டும்?

இதற்கு ஒரே எண் கிடையாது. ஆனால் தொடங்குவதற்கு எண்கள் உண்டு. 0.4 மில்லிமீற்றர் முனையுள்ள சாதாரண 3டி பிரின்டரில் சுழலவேண்டிய தண்டென்றால், துளையின் விட்டத்தைத் தண்டைவிட 0.3 முதல் 0.5 மில்லிமீற்றர் பெரிதாக வையுங்கள். அழுத்திப் பூட்டி அசையாமல் நிற்கவேண்டுமென்றால் 0.1 அல்லது அதற்கும் குறைவு. பிரின்ட் செய்த துளை வரைந்ததைவிடச் சற்றுச் சிறிதாகத்தான் வரும். அடி அடுக்கு வெளியே பிதுங்கி நிற்பதும் வழக்கம், அதைக் கத்தியால் சீவாமல் "பொருந்தவில்லை" என்று கோப்பை மாற்றப் போகாதீர்கள்.

லேசரில் எதிர்ப்பக்கம் நடக்கும். கதிர் தன் அகலத்துக்குப் பொருளை எரித்துவிடும், பொருளையும் மெசினையும் பொறுத்து 0.1 முதல் 0.3 மில்லிமீற்றர் வரை. ஆகவே துளை பெரிதாகும், வெட்டி எடுத்த துண்டு சிறிதாகும். 3 மில்லிமீற்றர் என்று விற்கிற அக்ரிலிக் தகட்டை அளந்தால் 2.8-உம் வரும், பொளி வெட்டிப் பூட்டுகிறவர்கள் தகட்டைக் கையில் வாங்கி அளந்த பிறகுதான் வரையவேண்டும்.

ஆனபடியால் முதல் வேலை, ஒரு சோதனைத் துண்டு. 8 மில்லிமீற்றர் தண்டென்றால் 8.0, 8.1, 8.2 என்று 8.6 வரை வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் எண். நீங்கள் பாவிக்கப்போகிற அதே தண்டை ஒவ்வொன்றிலும் விட்டுப் பாருங்கள். எது இறுகுகிறது, எது சொந்தப் பாரத்தில் வழுக்கி இறங்குகிறது, எது தளர்ந்து ஆடுகிறது என்று எழுதி அந்த மெசினுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள், அடுத்த குழுவுக்கும் உதவும். வேணியர் இடுக்கிமானியைப் பரீட்சைக்கு மட்டும் படிக்காமல் சட்டைப் பையில் வைத்திருக்கவேண்டிய நேரம் இதுதான்.

3டி பிரின்ட், லேசர், மரம், இரும்பு. எதை எதற்கு?

வடிவம் சிக்கலாக இருந்தால் பிரின்ட். தட்டையான துண்டுகள் நிறைய வேண்டுமென்றால் லேசர். பாரம் தாங்குகிற சட்டம் என்றால் மரமோ இரும்போ. தண்டுகளை ஒருபோதும் பிரின்ட் செய்யாதீர்கள், கடையில் நேரான இரும்புக் கம்பி கிடைக்கும்போது எதற்கு? செய்துதான் ஆகவேண்டுமென்றால் படுக்கவைத்துப் பிரின்ட் செய்யுங்கள். நிமிர்த்திப் பிரின்ட் செய்த தண்டு அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில் பட்டென்று முறியும்.

நம்முடைய வெயிலை மறக்கவேண்டாம். பிரின்டரில் வழமையாகப் பாவிக்கிற பி.எல்.ஏ. பிளாஸ்டிக் இழை 60 பாகை செல்சியசை அண்டியதும் இளகத் தொடங்கும். வெயிலில் பூட்டி நிறுத்திய வாகனத்துக்குள் அந்த வெப்பம் வந்துவிடும், காலையில் நேராக இருந்த பற்சில்லு மத்தியானம் கோணிப்போயிருக்கும். வெளியே நிற்கப்போகிற பொறிக்குப் பி.இ.டி.ஜி. பிளாஸ்டிக் நல்லது, ஏறத்தாழ 80 பாகை வரை நிற்கும். மாரியில் இழைச்சுருளைத் திறந்து வைக்காதீர்கள், ஈரத்தை உறிஞ்சிவிடும், பிரின்ட் செய்யும்போது வெடிப்புச் சத்தம் கேட்டால் அதுதான். சிலிக்கா பைகளோடு இறுக மூடும் வாளிக்குள் போட்டுவையுங்கள். கரண்ட் நின்றால் பாதிப் பிரின்ட் குப்பைக்குப் போகலாம், ஆகவே எட்டு மணித்தியாலத்துக்கு ஒரே துண்டாக ஓடவிடாமல் பிரித்துப் பூட்டக்கூடியதாக வரையுங்கள். உடைந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம் என்ற வசதியும் அதில் இருக்கிறது.

பற்சில்லை எப்படி வரைவது? இணையத்தில் எடுத்த இரண்டு சில்லும் ஒன்றோடொன்று பிடிக்கவில்லை.

மொடியூல் வேறாக இருந்திருக்கும். சில்லின் இடைவட்டத்தின், அதாவது பற்கள் ஒன்றையொன்று பிடிக்கிற இடத்தால் போகிற வட்டத்தின், விட்டத்தைப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் மொடியூல், சேருகிற இரண்டு சில்லுக்கும் அது ஒன்றாக இருக்கவேண்டும். பல்லின் பக்கச் சரிவைக் காட்டும் அழுத்தக் கோணமும் ஒன்றாக வேண்டும், பெரும்பாலும் 20 பாகை. இரண்டு அச்சுக்கும் இடையிலான தூரம், பற்களின் கூட்டுத்தொகையை மொடியூலால் பெருக்கி இரண்டால் வகுத்தது. மொடியூல் 1.5, பற்கள் 20-உம் 60-உம் என்றால் 60 மில்லிமீற்றர். சின்னச் சில்லு பெரியதைச் சுற்றினால் வேகம் மூன்றில் ஒன்றாகும், முறுக்கம் (சுழற்றும் பலம்) உராய்வு போக ஏறத்தாழ மூன்று மடங்காகும். பிரின்ட் செய்கிற சில்லுகளுக்கு அந்த 60-ஐ 60.2 என்று வைத்தால் இறுகாமல் ஓடும்.

20 பாகைச் சில்லில் 17 பற்களுக்குக் கீழே போகாதீர்கள், பல்லின் அடி குடையப்பட்டு மெலிந்துவிடும். பிரின்டருக்கு மொடியூல் 1-ஐவிட 1.5 அல்லது 2 நல்லது. தூரம் அதிகமென்றால் பற்சில்லை விட்டுவிட்டுச் சைக்கிள் சங்கிலியைப் பாருங்கள். கண்ணி இடைவெளி 12.7 மில்லிமீற்றர், அளவு மாறாது, யாழ்ப்பாணத்தில் எந்தச் சந்தியிலும் கிடைக்கும்.

தண்டு ஆடுகிறது. போதிகை வாங்கிப் போட்டும் ஆடுகிறது.

ஒரு பக்கத்தில் மட்டும் தாங்கியிருப்பீர்கள். பழைய கிணற்றுத் துலாவைப் பார்த்திருந்தால் விளங்கும்: அவ்வளவு நீளமான துலா, அதன்மேல் ஆள் ஏறி மிதிப்பார், ஆனாலும் அச்சுலக்கை ஆடுகால் என்ற இரண்டு தூண்களுக்கும் நடுவில், இரண்டு நுனியிலும் தாங்கப்பட்டு நிற்கும். உங்கள் தண்டுக்கும் இரண்டு ஆடுகால் கொடுங்கள். இரண்டையும் எவ்வளவு தள்ளி வைக்கிறீர்களோ அவ்வளவுக்கு ஆட்டம் குறையும்.

துளைகள் நேராக வரவேண்டுமென்றால் இரண்டு பக்கப் பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கி ஒரே தடவையில் துளையிடுங்கள். தனித்தனியே அளந்து துளைத்தால் எவ்வளவு கவனமாக இருந்தாலும் விலகும். போதிகைக்கு 608 என்ற எண்ணைக் கேளுங்கள், உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீற்றர், எம்8 போல்ட் அதற்குள் போகும். மெதுவாகச் சுற்றுகிற, பாரம் குறைந்த இடத்துக்குப் போதிகையே தேவையில்லை. நைலோன் அல்லது பித்தளைக் குழாய்த் துண்டு போதும்.

எந்த மோட்டர்?

முதலில் அளந்து பாருங்கள், பிறகு கடைக்குப் போங்கள். பாடசாலை ஆய்வுகூடத்து விற்றராசைத் தட்டில் கொழுவி இழுத்துப் பாருங்கள். வெங்காயத்தோடு தட்டை அசைக்க 1.2 கிலோ காட்டுகிறது, கிராங்க் 1.5 சென்ரிமீற்றர் என்றால் 1.8 கிலோ சென்ரிமீற்றர் முறுக்கம் வேண்டும். இது மெதுவாக இழுத்த அளவு. கெதியாக ஆட்டும்போது தட்டைத் தள்ளி நிறுத்துகிற விசை வேகத்தின் இரண்டாம் படிக்கு ஏற்பக் கூடும், வேகத்தை இரட்டித்தால் அது நான்கு மடங்கு. ஆகவே இரண்டு மூன்று மடங்கு கூடிய மோட்டராக எடுங்கள்.

அந்த வேலைக்கு நான் சொல்வது வாகனத்து வைப்பர் மோட்டர். பழைய உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும், 12 வோல்ட், உள்ளேயே வேகத்தைக் குறைக்கிற புழுப்பற்சில்லு இருப்பதால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 முதல் 70 சுற்று, நல்ல முறுக்கம். வாங்கும்போது கடையிலேயே ஒரு பற்றறியில் கொடுத்து ஓடவிட்டுப் பாருங்கள்.

சின்னக் கை தூக்குகிற வேலைக்குச் சேர்வோ, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கிற மோட்டர். 15 சென்ரிமீற்றர் நுனியில் 150 கிராம் என்றால் 2.25 கிலோ சென்ரிமீற்றர், கையின் சொந்தப் பாரம் இன்னும் தனி. எல்லாரும் வாங்குகிற நீல நிற எஸ்.ஜி.90 அதன் முழுப் பலத்தில் ஏறத்தாழ 1.8 தான் தரும். தூக்காது. உலோகப் பற்கள் உள்ள பெரிய சேர்வோவுக்குப் போங்கள், அல்லது கையின் மறுபக்கம் எதிர்ப்பாரம் வையுங்கள்.

சேர்வோ நடுங்குகிறது, ஆர்டுயினோ கட்டுப்பாட்டுப் பலகை தானாக நின்று மறுபடி தொடங்குகிறது. நிரலில் பிழையா?

அனேகமாக மின் வழங்கலில். ஆர்டுயினோ ஊனோவை யூ.எஸ்.பி. வழியாக ஓட்டினால் 0.5 அம்பியருக்கு மேல் எடுக்கமுடியாது, பாரத்தில் சிக்கிய சின்னச் சேர்வோ ஒன்றே அதற்குமேல் கேட்கும். சேர்வோவுக்குத் தனி 5 வோல்ட் கொடுங்கள், இரண்டு வழங்கலின் மறை முனைகளையும் சேர்த்து இணையுங்கள். அந்தக் கடைசி வயரை மறந்துவிட்டு இரவு முழுக்க நிரலைத் திருத்துகிற பிள்ளைகளைக் காண்கிறபோது உண்மையிலேயே மனம் வருந்தும்.

கடைச்சல் பட்டறையில் ஒரு தண்டு கடைந்து எடுக்கவேண்டும். என்ன சொல்வது?

சொல்வதைவிடக் கொண்டுபோங்கள். தண்டு பூட்டப்போகிற போதிகையையும் கப்பியையும் கையில் கொடுத்தால், அதை வைத்துப் பார்த்துப் பார்த்துக் கடைந்து தருவார். ஒரு தாளில் படம், எல்லா அளவும் மில்லிமீற்றரில், எந்த இடம் இறுக்கமாக வரவேண்டும், எந்த இடம் கூடக்குறைய இருந்தாலும் பரவாயில்லை என்று குறித்துக்கொண்டு போங்கள். எல்லா இடத்துக்கும் நூறில் ஒரு மில்லிமீற்றர் கேட்டால் வேலையும் காசும் வீணாகக் கூடும். "அண்ணை, இதைவிடச் சுகமாகச் செய்ய வழியிருக்கா?" என்று கேளுங்கள். அங்கே நிற்பவர் தண்ணீர் இறைக்கும் மெசின் முதல் உழவு மெசின் வரை திருத்திய ஆள், உங்கள் படத்தைப் பார்த்ததும் எது முறியும் என்று சொல்லிவிடுவார். ஒழுங்கான மரியாதையோடு கேட்கிற பிள்ளைக்கு அவர்கள் சொல்லித் தருவதைப் பலதரம் பார்த்திருக்கிறேன்.

பாதுகாப்பு?

சங்கிலி, பற்சில்லு, கிராங்க் மூன்றுக்கும் மூடி போடுங்கள், மாதிரியிலேயே. கை வைக்கும் தூரத்தில் நிறுத்தும் சுவிட்ச் இருக்கட்டும். வைப்பர் மோட்டர் விரலுக்காக நிற்காது. நீளமான முடியைக் கட்டுங்கள், தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றுங்கள். பி.வி.சி. தகட்டை லேசரில் ஒருபோதும் வெட்டக்கூடாது, ஐதரசன் குளோரைட்டு வாயு வரும், நுரையீரலையும் மெசினையும் அரிக்கும்.

ஓடுகிறது, ஆனால் கொஞ்ச நேரத்தில் போல்ட் கழன்றுவிடுகிறது.

அதிர்கிற பொறியில் வெறும் நட் நிற்காது. உள்ளே நைலோன் வளையம் வைத்த நட் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் இரண்டு நட்டை ஒன்றோடொன்று எதிர்த்து இறுக்குங்கள். சுழலும் மூட்டில் நட்டை முழுதாக இறுக்கக்கூடாது, வாசர் இரண்டு போட்டுச் சட்டம் தாராளமாக ஆடுகிற அளவில் நிறுத்திப் பூட்டுங்கள். மோட்டரின் அடியில் பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டு வைத்தால் அதிர்வும் சத்தமும் குறையும். எண்ணெய் போடுவதென்றால் தையல் மெசின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்போக்கில் பிசினாகிவிடும். தூசி படுகிற மூட்டுக்குக் கிறீஸும் வேண்டாம், வெங்காயத் தோல் அதில்தான் முதலில் ஒட்டும்.

மதிப்பீட்டு நாளுக்கு எப்படி ஆயத்தமாவது?

முதல் நாளே பாரத்தோடு ஒரு மணித்தியாலம் தொடர்ந்து ஓடவிடுங்கள். சூடேறுவது, கழல்வது, தேய்வது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பஸ்ஸில் கொண்டுபோகிறவர்கள் மூன்று நாலு பகுதிகளாகக் கழற்றக்கூடியதாக முதலிலேயே வரைந்திருக்கவேண்டும், கழற்றிப் பூட்டுவதை வீட்டிலேயே இரண்டு பேராகப் பழகுங்கள்.

பழைய காட்போட் மாதிரிகளை எறியாமல் கூட எடுத்துப் போங்கள். "ஏன் 15 மில்லிமீற்றர் கிராங்க்?" என்று கேட்டால், கயிற்றில் தொங்கிய தட்டின் படத்தையும் விற்றராசு காட்டிய அளவையும் எழுதிய கொப்பியையும் எடுத்துக் காட்டலாம். ஒவ்வொரு மாதிரியையும் பத்து விநாடி காணொளி எடுத்துத் திகதியோடு வைத்திருந்தால் அறிக்கையில் பாதி எழுதி முடிந்தமாதிரி. பையில் மாற்றுச் சேர்வோ ஒன்று, நட் போல்ட் ஒரு பிடி, பிரின்ட் செய்த சில்லுகளில் இன்னொரு சோடி, திருகாணிச் செலுத்தி, காப்பு நாடா, அப்புறம் காட்டுவதற்கு ஒரு கிலோ நல்ல காய்ந்த வெங்காயம்.